காலப்பிரமாணம் யார் கையில்?

மெட்டல், இண்டஸ்ட்ரியல், நாய்ஸ் என்று எந்தப் பெயரில் வந்தாலும் சரி, நம் பக்கத்துக் கனத்த இசைப் பதிவுகளில் பறை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வருகிறது. தொடக்கத்தில் இருபது விநாடி பறை தனியாக ஒலிக்கும். பிறகு கிட்டார் விழும், டிரம் மெஷின் விழும், பறை அடியில் போய்விடும். நடுவில் ஓர் இடைவெளியில் ஒருமுறை தலைகாட்டும். அட்டையில் "கூட்டு முயற்சி" என்று போட்டிருக்கும். தாளிப்பில் கறிவேப்பிலையைப் போட்டுவிட்டு இலையில் ஒதுக்கி வைப்பது போல. இதைப் பற்றிப் பேசும்போது ரசனைக் குறைவு, மரியாதைக் குறைவு என்று காரணம் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நல்ல எண்ணத்தோடு, பறையை உண்மையாகவே நேசித்துச் செய்கிறவர்களின் பதிவும் கடைசியில் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. இதுதான் நெடுநாளாக என்னை உறுத்துகிறது. திரும்பத் திரும்ப யோசித்ததில் எனக்குத் தெரிவது ஒரு சாதாரணக் காரணம். பறைக் கலைஞரைக் கடைசியில் கூப்பிடுகிறோம். அவர் வந்து சேரும்போது கிட்டார், பேஸ், டிரம் மெஷின் எல்லாம் நிமிடத்துக்கு 120 தட்டு என்ற கட்டத்தில் இறுகிப் போயிருக்கும். அவருக்கு மிஞ்சுவது அந்த முதல் இருபது விநாடிதான்.

ஹெட்போனை மாட்டி, கிளிக் என்ற மெட்ரோனோம் தட்டைக் காதில் விட்டு, "அண்ணே, இதுக்கு வாசிங்க" என்கிறோம். அவர் வாசிக்கவும் செய்வார், தொழில் தெரிந்தவர். ஆனால் வாசிப்பில் பாதி உயிர் அங்கேயே போய்விடும். அடிகள் என்று சொல்லும் பறைத் தாளங்கள் பலவற்றுக்கு மும்மூன்றாக நடக்கும் நடை உண்டு. அந்த மூன்றும் சம அளவில் விழுவதில்லை. பறைக்கு இரண்டு குச்சி, கனத்தது அடிக்குச்சி, மெல்லியது சிம்புக் குச்சி. சிம்புக் குச்சி கடைசித் தட்டில் கொஞ்சம் சாய்ந்து விழும், அந்தச் சாய்வுதான் ஆட்டத்தைத் தூக்கும். நாலு நாலாக வெட்டிய கட்டத்தில் அதை வைத்து, கணினியில் தட்டுகளைக் கட்டத்துக்கு இழுத்து நிறுத்தும் குவாண்டைஸ் பொத்தானை அழுத்தினால் சாய்வு நிமிர்ந்துவிடும். மிஞ்சுவது பறையின் குரலில் பேசும் டிரம் மெஷின். இன்னொன்று வேகம். 96-இல் தொடங்கிய அடி நாலு நிமிடத்தில் 108, 110 என்று போய் நின்றால் அதைப் பிழை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆடுகிறவரையும் சுற்றி நிற்கிறவரையும் பார்த்துப் பார்த்து ஏற்றுகிற வேகம் அது. கிளிக் யாரையும் பார்க்காது.

இண்டஸ்ட்ரியல் இசைக்கு இயந்திரத்தின் விறைப்புதானே அடையாளம் என்று கேட்கலாம். பர்மிங்ஹாமில் 1988-இல் உருவான காட்ஃப்ளெஷ் இருவர் குழு. டிரம் மெஷின் அசையாமல் நின்றதால்தான் அவர்கள் கிட்டாருக்கு அந்த எடை வந்தது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் அந்த மெஷினைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள், கிட்டார் அதைச் சுற்றிப் பிறந்தது. கூட்டாகச் செய்வதற்கு வேறொரு எடுத்துக்காட்டு எனக்குப் பெரிதாகப் படுகிறது. லண்டனின் டெஸ்ட் டிப்பார்ட்மெண்ட், பழைய இரும்பைத் தட்டி வாசித்த குழு. பிரிட்டனில் 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் பாடகர் குழுவோடு சேர்ந்து "ஷோல்டர் டு ஷோல்டர்" என்ற இசைத்தட்டை வெளியிட்டார்கள். அந்தப் பாடகர்களை இரும்பு அடிக்குள் திணிக்கவில்லை, அவர்கள் பாட்டு அவர்கள் மூச்சிலேயே நடக்கிறது. பக்கத்தில் நிற்பதற்கு யாருடைய நடையையும் மாற்ற வேண்டியதில்லை என்பதை நாற்பது வருடம் முன்பே காட்டிவிட்டார்கள்.

வரிசையைத் திருப்பிப் போடுவது

ஆக, முதலில் பறை. கிளிக் இல்லை, கிட்டார் இல்லை, ஹெட்போனும் இல்லை. இந்த ஒன்றை மாற்றினால் மற்றதெல்லாம் தானாக மாறுகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு பேர் வாசிப்பதாக வைத்துக்கொள்வோம். எதிரெதிரே, ஐந்தடி இடைவெளியில், ஒருவர் கையை ஒருவர் பார்க்கும்படி நிற்க வேண்டும். தனித்தனி அறையில் வைத்துப் பிரித்துப் பதியும் ஆசையை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பறைக்கும் முன்னால் ஒரு டைனமிக் மைக், தோலிலிருந்து ஓர் அடி தள்ளி, நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில் பார்த்தபடி. பறைக்குப் பின்புறம் திறந்தே இருப்பதால் அங்கே இன்னொரு மைக் வைத்தால் அடிக்குச்சியின் கனம் நன்றாகக் கிடைக்கும். ஆனால் தோல் முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. அதனால் பின் மைக்கின் அலை மேடு பள்ளத்தை, அதாவது போலாரிட்டியைத் திருப்பிப் போடாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்று, கனத்துக்குப் பதில் தகர டப்பாச் சத்தம்தான் வரும். மட்டத்தைத் தாழ்வாக வையுங்கள். சராசரி மைனஸ் 18, உச்சம் மைனஸ் 8 டெசிபலுக்குள். சூடு ஏறிய பிறகு விழும் அடி, ஒத்திகையில் விழுந்ததைவிட எப்போதும் பலமாக இருக்கும். 24 பிட்டில் பதிந்தால் தாழ்வான மட்டத்தால் எந்த இழப்பும் இல்லை.

வாசித்து முடித்த பிறகு கணினி வேலை. ரீப்பர், ஆர்டர் போன்ற பதிவு மென்பொருளில் பறை வாசிப்பின் மேல் வேகத்தைக் காட்டும் டெம்போ குறிகளை வைக்க வேண்டும். ரீப்பரில் ஒரு சுற்றின் முதல் தட்டிலிருந்து அடுத்த சுற்றின் முதல் தட்டு வரை தேர்ந்தெடுத்து, அதை ஓர் அளவாக்கும் கட்டளையைக் கொடுத்தால் வேகத்தை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். இங்கே பலர் செய்கிற தவறு, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு குறி வைப்பது. அப்படி வைத்தால் டிரம் மெஷின் கை நடுங்குவது போல ஒலிக்கும். சுற்றுக்கு ஒன்று போதும். வேகம் மெதுவாக ஏறும் இடங்களில் நாலு சுற்றுக்கு ஒன்றே தாராளம். சுற்றுக்குள் இருக்கும் சாய்வு பறையிடமே இருக்கட்டும், கட்டம் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை.

அப்புறம் கிட்டார். இங்கேதான் திருப்பம். இந்தக் குறிகள் சேர்ந்த டெம்போ வரைபடத்திலிருந்து கிளிக் எடுத்துக் கிட்டார் வாசிப்பவர் காதில் கொடுத்தால் பெரும்பாலும் சொதப்பும். மெட்ரோனோமில் பழகிய கை, ஏறி இறங்கும் கிளிக்கைக் கேட்டதும் திகைத்துப் பின்தங்கும், அல்லது பதறி முந்தும். கிளிக்கை முழுக்க நிறுத்திவிட்டு, பறையையே காதில் உரக்கக் கொடுங்கள். சிம்புக் குச்சியின் வெட்டுக்குமேல் துல்லியமான கிளிக் எதுவும் இல்லை. முதல் சில சுற்று தடுமாறும். பிறகு கிட்டார் வாசிப்பவரின் தோள் இறங்கும், வலது கை பறையோடு சாயத் தொடங்கும். உள்ளங்கையால் கம்பியை அடக்கி எந்திரம்போல் அடிக்கும் பாம் மியூட்டுக்கு அதுவரை இல்லாத ஒரு நடை வந்து சேரும். அந்த நடைக்காகத்தான் இத்தனை பாடும். டிரம் மெஷின் வேண்டுமென்றால் அதையும் சேர்க்கலாம். மெஷினுக்கு வேகம் சொல்லும் மிடி கிளாக் இந்த வரைபடத்தைப் பின்பற்றிப் போகும், வேகத்தை விடாமல் ஏற்ற வேண்டியது இப்போது மெஷினின் பாடு.

யாரால் எளிதாக வளைய முடியுமோ அவர்தான் வளைய வேண்டும் என்பது என் கட்சி. கணினித் திரை முன்னால் உட்கார்ந்திருப்பவரால் எதையும் நகர்த்த முடியும். ஆனால் நடைமுறையில் அவர் அசையாமல் இருக்கிறார், தலைமுறையாக வந்த அடியை வளைக்கச் சொல்கிறார்.

மிக்ஸ் செய்யும்போது இன்னொரு சிக்கல் வரும். பறையும் கிட்டாரும் மோதுவது அடிச்சுருதியில் என்று நினைத்துப் பலர் பேஸைக் குறைக்கிறார்கள். மோதல் இருப்பது மேலே, 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில். சிம்புக் குச்சியின் வெட்டும் டிஸ்டார்ஷனின் பல்லும் அங்கேதான் இருக்கின்றன. கிட்டாரில் அந்த இடத்தை 4 டெசிபல் இறக்கினாலே பறை முன்னால் வந்து நிற்கும், பறையின் ஃபேடரைத் தொடவே வேண்டாம்.

தோல் இறங்குவது

வேப்பமரக் கட்டையில் இழுத்து ஒட்டிய தோல், காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் தளரும், குரல் இறங்கும். காய்ச்சினால் ஈரம் போய் இறுகும். வைக்கோலையோ காகிதத்தையோ பற்றவைத்து, தோலைத் தீயின் பக்கம் காட்டிச் சுற்றிச் சுற்றித் திருப்புவார்கள். நடுவில் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். முதலில் மந்தமாக "தொம்" என்று வரும் சத்தம், சுண்டச் சுண்ட மேலே ஏறி, ஓர் இடத்தில் "டண்" என்று கம்பீரமாக விறைக்கும். அதற்கு மேல் காட்டினால் தோல் கிழியும். எங்கே நிறுத்துவது என்று கைதான் சொல்லும்.

ஸ்டூடியோவில் தீ மூட்ட விடமாட்டார்கள். எலக்ட்ரிக் ஹீட்டரை வைத்து ஒன்றரை அடி தள்ளிக் காட்டலாம், நேரம் கூடுதலாகும். முற்றமோ மாடியோ உள்ள வீட்டில் பதிவை வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் சீக்கிரம் இறங்கிவிடும். சித்திரை வெயிலில் ஒருமுறை காய்ச்சியது வெகுநேரம் நிற்கும். பதிவு நாளைக் குறிக்கும்போது இதையும் பாருங்கள். மழைக்கு அஞ்சாத ஃபைபர் பறை இருக்கிறது, ஆனால் அதன் குரல் வேறு. கலைஞரே விரும்பி எடுத்தால் ஒழிய அதைக் கேட்காதீர்கள்.

பதிவுக்கு இதனால் வரும் கஷ்டம், முதல் டேக்கும் கடைசி டேக்கும் ஒரே சுருதியில் இருக்காது. இரண்டிலிருந்தும் வெட்டி ஒட்டினால் ஒட்டிய இடம் பளிச்சென்று தெரியும். அதனால் ஒவ்வொரு டேக்கின் முன்னும் நடுத்தோலில் மூன்று தனித் தட்டு பதிந்துகொள்ளுங்கள். எது எதோடு சேரும் என்று பிறகு அது சொல்லும். கிட்டாரைச் சுருதி சேர்க்கவும் அந்தத் தட்டே அளவு. டியூனரில் 440 என்ற வழக்கமான அளவு வேதவாக்கு இல்லை. பறை எங்கே நிற்கிறதோ அதற்கு இடறாத இடத்தில் கம்பிகளை இறக்கிக்கொள்ளலாம். நாதஸ்வரம் சேருமென்றால் வேலை இன்னும் சுலபம். நாதஸ்வரத்தின் 2½ கட்டை என்பது டி ஷார்ப், கிட்டாரை அரை ஸ்வரம் இறக்கினால் ஆறாம் கம்பி அங்கேயே வந்து நிற்கும். பல மெட்டல் குழுக்கள் எப்போதும் வைத்திருக்கும் டியூனிங் அது.

செல்லூர்த் தறி

மதுரையில் இண்டஸ்ட்ரியல் இசைக்குச் சத்தம் தேடி இணையத்தில் சாம்பிள் வாங்குவது எனக்குப் புரிவதில்லை. செல்லூர்ப் பக்கம் விசைத்தறி ஓடும் தெருவில் ஒரு நிமிடம் நின்றால் போதும். ஊடை என்ற குறுக்கு நூலைச் சுமந்து பாயும் நாடாவை வைத்து ஓடும் பழைய தறி, நிமிடத்துக்கு 120-லிருந்து 160 முறை நாடாவை எறியும். ஒருமுறை இடமிருந்து, அடுத்தமுறை வலமிருந்து. ஒவ்வொரு எறிக்கும் பின்னால் சட்டம் வந்து ஊடையை நெருக்கும் அடி. இடத்து எறியும் வலத்து எறியும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. பக்கத்துத் தறிக்குத் தனி மோட்டார், தனி பெல்ட் என்றால் அதன் வேகம் கொஞ்சம் வேறு. 140-இல் ஒன்றும் 143-இல் ஒன்றும் ஓடினால் 20 விநாடிக்கு ஒருமுறை இரண்டும் சேர்ந்து அடித்து, மறுபடி பிரியும். யாரும் எழுதாத இந்தப் பெரிய சுற்றுக்குள் பறை புகுவதைப் போல ஒரு விஷயம் இந்த இசையில் எனக்குத் தெரிந்து இல்லை.

சாதாரண மைக் அங்கே உதவாது. கூடத்தில் சத்தம் 95 டெசிபலைத் தாண்டும், எல்லாத் தறியும் கலந்து ஒரே இரைச்சலாகப் பதியும். செல்போன் இன்னும் மோசம், தானாக மட்டத்தை ஏற்றி இறக்கி அடியின் கூர்மையை மழுக்கிவிடும். வேண்டியது இரும்பில் ஒட்டி அதன் அதிர்வைப் பிடிக்கும் ஒட்டு மைக். எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் 27 மில்லிமீட்டர் பியஸோ தகடுதான் அது, விலை சில ரூபாய். பித்தளை விளிம்பில் எர்த் கம்பி, நடு வெள்ளைப் பகுதியில் சிக்னல் கம்பி. நடுவில் பற்றவைக்கும்போது இரண்டு விநாடிக்கு மேல் சூட்டுக்கோலை வைத்தால் வெள்ளிப் பூச்சு உரிந்துவிடும். ஷீல்டு வயர்தான் போட வேண்டும். முதலில் இன்சுலேஷன் டேப், அதன்மேல் எர்த்தோடு சேர்த்த செம்புத் தாள். இல்லாவிட்டால் மோட்டார்களின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் தறியை முழுங்கும்.

"பியஸோ சத்தம் சப்பையா இருக்கு" என்று பலர் ஒதுக்குவதற்குக் காரணம் தகடு இல்லை, செருகும் இடம். அந்தத் தகட்டின் கெப்பாசிட்டன்ஸ் சுமார் 20 நானோஃபாரட். 10 கிலோ ஓம் லைன் இன்புட்டில் செருகினால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் கழன்றுவிடும். 1 மெகா ஓம் உள்ள கிட்டார் இன்புட்டில் அதே தகடு 8 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். கிட்டார் இன்புட் இல்லாத ரெக்கார்டர் என்றால் நடுவில் எஃப்இடி பஃபர் என்ற சிறு சர்க்யூட் வேண்டும், 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். தறியின் அடி பலமாக இருப்பதால் தகட்டிலிருந்து பல வோல்ட் கிளம்பி இன்புட்டில் சத்தம் உடைந்து போகும். தகட்டுக்குக் குறுக்கே 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வைத்தால் மட்டம் 16 டெசிபல் அளவுக்கு இறங்கும், அடிச்சத்தமும் கெடாது.

ஒட்டும் இடமெல்லாம் எண்ணெய், டேப் நிற்காது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தில் தகட்டை எம்-சீலால் பதித்துவிட்டால் இரும்புச் சட்டத்தில் காந்தமே பிடித்துக்கொள்ளும். பஞ்சு வைத்த இரட்டைப் பக்க டேப் வேண்டாம், மேல்சத்தத்தை உறிஞ்சிவிடும். தறி நிற்கும்போது மட்டும் மாட்டுங்கள், வயரை பெல்ட்டுக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டு போங்கள், காதில் பஞ்சுத்தக்கை இல்லாமல் உள்ளே போகாதீர்கள். நெய்கிறவர்களுக்கும் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போங்கள். இந்தச் சத்தத்துக்குள் ஆயுள் முழுக்க நின்று செவி மங்கியவர்கள் அவர்கள்.

நாடாவுக்குள் இருக்கும் நூல் சுற்றிய தார் சில நிமிடந்தான் ஓடும். தீர்ந்ததும் தறி நிற்கும். புதுத் தாரை நாடாவில் மாட்டி, பிடியை இழுத்ததும் மறுபடி புறப்படும். அந்த நிறுத்தத்தை வெட்டி எறியாதீர்கள். ஒரு தறி நின்று மற்றது தொடரும் அந்த இடைவெளியில்தான் பறைக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. தறியின் வேகத்தைக் கணினியில் நீட்டிக் குறுக்கவும் வேண்டாம். பறை வாசிப்பவருக்கு ஒரு காதில் மட்டும், மெதுவாகத் தறியைக் கொடுங்கள். சேர்ந்து போவதா, குறுக்கே வெட்டுவதா, கண்டுகொள்ளாமல் விடுவதா என்பது அவர் முடிவு.

வெளியூருக்கு அனுப்பும்போது

டோக்கியோவின் நாய்ஸ் இசைக் கலைஞர் மெர்ஸ்போ 1980-களில் கேசட்டைத் தபாலில் அனுப்பி உலகம் முழுக்கக் கூட்டாளிகளைப் பிடித்தார். இன்று நிலக்கோட்டையில் ஒருவர், சென்னையில் ஒருவர், பெங்களூரில் ஒருவர் என்று கோப்பு பறக்கிறது. கெடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பினால் சுருங்கிப் போகும், டாக்குமெண்ட்டாக அனுப்ப வேண்டும். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை ஒருவர் 48 என்று நினைத்துத் திறந்தால் வேகம் கூடி, சுருதி ஏறக்குறைய முக்கால் ஸ்வரம் ஏறிவிடும். எம்பி3 ஆக்கினால் தொடக்கத்தில் சில பத்து மில்லி விநாடி வெற்றிடம் சேர்ந்து, பறையும் கிட்டாரும் இரட்டைத் தட்டாக விழும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு, மோனோ என்றால் பத்து நிமிடத்துக்கு 86 எம்பிதான். எல்லாம் பூஜ்யத்திலிருந்து தொடங்கட்டும். டெம்போ வரைபடத்தையும் மிடி கோப்பாகச் சேர்த்து அனுப்புங்கள். அதை மறந்தால் வாங்குகிறவர் 120 போட்டுத் திறப்பார், முதலில் பட்ட பாடெல்லாம் வீண்.

எந்த அடி

"சாவடி வேணும்ணே, அதுதான் ஹெவியா இருக்கும்." சாவு வீட்டில் வாசிக்கும் அடியை இப்படிப் போனில் கேட்பதை நிறுத்த வேண்டும். பறையைச் சாவு வீட்டோடும் சாதியோடும் கட்டிப் போட்டதை அறுக்க எத்தனையோ கலைஞர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். சாவுக்கு வாசிப்பதில்லை என்று உறுதி எடுத்த குழுக்கள் உண்டு. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்ததன் பின்னால் இருப்பதும் அந்த நெடிய உழைப்புதான். இருண்ட இசைக்கு மரண வாடை வேண்டும் என்ற நம் ஆசைக்காக, அவர்கள் விட்டு வெளியேறிய வாசலில் மறுபடி கொண்டுபோய் நிறுத்துவது கொடுமை. தறிப் பதிவைப் போட்டுக் காட்டி, "ஆசானே, இதுக்கு எந்த அடி சேரும்?" என்று கேட்டால் போதும். சப்பரத்தடியோ டப்பா அடியோ, நாம் நினைத்தே பார்க்காத ஒன்றோ வரும். சாவடிதான் சரி என்று அவரே சொன்னால் அது வேறு.

காசைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். ஒரு நிகழ்ச்சிக்கு வாங்கும் சம்பளம், பயணம், சாப்பாடு, இவை அன்றைக்கே கொடுக்க வேண்டியவை. விற்பனையில் பங்கு தனி. இணையத்தில் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளம் 15 சதவீதம் எடுத்தது போக மிஞ்சுவதை எப்படிப் பிரிப்பது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு பதிப்புரிமைச் சட்டமே வாசித்த கலைஞருக்கு வணிகப் பயன்பாட்டில் ராயல்டியும், பெயர் போடச் சொல்லும் உரிமையும் தருகிறது. "பறை: நாட்டுப்புறக் கலைஞர்கள்" என்று அட்டையில் போடுவது இனி நடக்கக் கூடாது. தனித் தட்டுகளைப் பிரித்து சாம்பிளாக வேறு பாட்டில் போட வேண்டுமென்றால் மறுபடி கேட்க வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள்.

மேடையில்

தறியை மேடைக்குக் கொண்டுவர முடியாது, பதிவைத்தான் ஓட்ட முடியும். அப்போது மானிட்டர் ஸ்பீக்கர் பறைக் கலைஞரைப் பார்த்து இருக்கட்டும், கிட்டார்காரர்கள் அவரைப் பார்த்து நிற்கட்டும். பழக்கம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது.

இன்னொன்று, நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். பேஸின் நாலாம் கம்பியில் மூன்றாம் ஃபிரெட் ஜி, 49 ஹெர்ட்ஸ். ஆம்ப்ளிஃபயரின் ரீங்காரத்தோடு அது விநாடிக்கு ஒருமுறை அலையடிக்கும். ஒரே ஸ்வரத்தை நீட்டி டிரோன் வாசிக்கிறவர்கள் டியூனரை 449-இல் வைத்துச் சுருதி சேர்த்தால் ஜி சரியாக 50-இல் உட்கார்ந்து, ரீங்காரமே கூட வாசிக்கத் தொடங்கிவிடும். மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறது என்றால் இதை நம்பாதீர்கள். சுமை இல்லாதபோது 52 வரை நிற்கும், பந்தல் விளக்கெல்லாம் போட்டதும் இறங்கும். விளக்கு முழுக்க எரியும்போது ஒருமுறை சுருதி பார்த்துக்கொள்ளுங்கள். பறை காய்ச்சி முடியும் நேரமும் அதுவாகவே இருக்கும்படி ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே சொல்லி, தீ மூட்ட மேடைக்குப் பின்னால் ஓர் இடமும் ஒரு வாளித் தண்ணீரும் கேட்டு வாங்கிவிடுங்கள்.